அமால்ஃபி கடற்கரை: எல்லாச் சிக்கலும் ஒரே சாலையில்

கோடைக்காலம் வந்தால் இத்தாலியிலிருந்து இரண்டு வகை வீடியோக்கள் வரத் தொடங்கும். ஒன்றில் எலுமிச்சைத் தோட்டம், அதற்குக் கீழே நீலக் கடல், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வண்ண வீடுகள். இன்னொன்றில் ஒரு பாறை வளைவில் இரண்டு பேருந்துகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பின்னால் நிற்கும் கார்கள் ஹாரனை விடாமல் அடிக்கின்றன. இறங்கி நடக்கலாமா என்று பயணிகள் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் அமால்ஃபி கடற்கரைதான், பெரும்பாலும் ஒரே நாளில் எடுத்தவைதான்.

இதில் எதை நம்புவது என்று ஐரோப்பாவுக்குத் திட்டமிடுகிறவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. அந்தக் கரையின் அழகையும் அவஸ்தையையும் ஒரே மலைதான் உண்டாக்குகிறது. மலையின் அமைப்பு புரிந்துவிட்டால் பேருந்து ஏன் நிற்காமல் போகிறது, கடற்கரையில் உட்கார ஏன் காசு, குளிர்காலத்தில் சாலை ஏன் மூடப்படுகிறது என்பதெல்லாம் தனித்தனிப் புதிர்களாக இருக்காது.

எது அமால்ஃபி, எது இல்லை

நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒரு தீபகற்பம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் வடக்கு முகம் நேப்பிள்ஸ் விரிகுடாவைப் பார்க்கிறது; சொரெண்டோ இருப்பது அங்கே. தெற்கு முகம் சலேர்னோ வளைகுடாவைப் பார்க்கிறது. அமால்ஃபி கடற்கரை என்பது அதுதான். காப்ரி, தீபகற்பத்தின் நுனிக்கு அப்பால் உள்ள தனித் தீவு. சுற்றுலா விளம்பரங்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால், சொரெண்டோவில் அறை எடுத்துவிட்டு “அமால்ஃபியில் தங்கினோம்” என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

கிழக்கே வியேத்ரி சுல் மாரே தொடங்கி மேற்கே பொசிடானோ வரை இந்தக் கரையில் 13 ஊராட்சிகள். அமால்ஃபி, பொசிடானோ, மலைமேல் உள்ள ரவெல்லோ ஆகிய மூன்றும் உலகப் புகழ் பெற்றவை. மயோரி, மினோரி, சேத்தாரா, பிரயானோ, திரமோந்தி, ஸ்காலா போன்றவற்றின் பெயர் பலருக்குத் தெரியாது. அமால்ஃபிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அத்ரானியின் மொத்தப் பரப்பு 0.12 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி அதுதான்.

1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையின் 11,231 ஹெக்டேரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது கடலுக்காக அல்ல, ‘பண்பாட்டு நிலவெளி’ என்ற வகையில். இயற்கையும் மனித உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்று அதற்குப் பொருள். செங்குத்தான மலையை நூற்றாண்டுக் கணக்கில் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பி எலுமிச்சையும் திராட்சையும் வளர்த்திருக்கிறார்கள். இன்று பயணிகளில் பெரும்பாலோர் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும் பின்னணியாக அது ஆகிவிட்டது.

அடிப்படை நான்கு

1. சமவெளி கிடையாது. லத்தாரி மலைத்தொடரின் உச்சி 1,444 மீட்டர். அந்த உயரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மலை கடலில் இறங்கிவிடுகிறது. ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகளின் வாயில் கிடைத்த துளி நிலத்தில்தான் ஊர்கள் முளைத்தன. வாகன நிறுத்தத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ புதிதாக இடம் தேட வழியில்லை.

2. கரையோரமாகப் போகும் சாலை ஒன்றே ஒன்று. எஸ்எஸ் 163 என்று எண்ணிட்ட அது சுமார் 50 கிலோமீட்டர் நீளம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென் இத்தாலியை ஆண்ட போர்பன் அரசர்கள் காலத்தில், குதிரை வண்டிகளை மனத்தில் வைத்துப் போட்டது. அதற்கு முன் இந்த ஊர்களுக்குப் படகிலோ கோவேறு கழுதையிலோதான் போக முடிந்தது.

3. ரயில் இல்லை. ‘வியேத்ரி சுல் மாரே – அமால்ஃபி’ என்று பெயர்ப் பலகை வைத்த நிலையம் ஒன்று உண்டு. அதை நம்பி இறங்கினால் அமால்ஃபிக்கு இன்னும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போக வேண்டும்.

4. கடல் வழி உண்டு, ஆனால் ஆண்டு முழுவதும் இல்லை. சலேர்னோ, அமால்ஃபி, பொசிடானோ இடையே பயணிகள் படகுகள் பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் முழு வீச்சில் ஓடும். அலை எழுந்தால் அன்றைக்கு ரத்து.

இந்த நான்கோடு இன்னொன்று. சலேர்னோவுக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையம் 2024 ஜூலையில் பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. நேப்பிள்ஸ் வழியாக மட்டும் வந்த கூட்டத்துக்குக் கிழக்குப் பக்கத்திலும் ஒரு வாசல் திறந்தாயிற்று. அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பதும் அதே சாலைதான்.

ஒரு வளைவில் நடப்பது

எஸ்எஸ் 163இல் பல இடங்களில் இரண்டு கார்கள் சிரமமின்றிக் கடக்கலாம். ஒரு காரும் ஒரு பேருந்தும் கடப்பது கஷ்டம். இரண்டு பேருந்துகள் கடப்பது வித்தை. ஒரு பக்கம் குடைந்த பாறை, மறு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் கடல். வளைவை நெருங்கும்போதே பேருந்து ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடிப்பார். எதிரே வருபவர் வளைவுக்கு முன்பே நின்றுவிட்டால் பிழைத்தோம். நிற்காமல் நுழைந்துவிட்டால் பக்கக் கண்ணாடிகளை மடக்குவார்கள். ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, விரற்கடை இடைவெளியைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவார். அதுவும் முடியாவிட்டால் யாரோ ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அவர் பின்னால் ஏற்கெனவே பத்து கார்கள் நிற்கும். அவற்றில் பாதி வாடகைக் கார். ஓட்டுபவர் அந்தச் சாலைக்கு அன்றுதான் புதிது.

இந்த முடிச்சு ஒரு வளைவில் விழுந்தால் அதன் விளைவு அங்கேயே நிற்பதில்லை. பொசிடானோவிலிருந்து அமால்ஃபி ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அமைதியான நாளில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆகஸ்டில் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. மாற்றுச் சாலை இல்லாததால் ஆம்புலன்ஸும் பள்ளிக் குழந்தைகளும் மீன் வண்டியும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பேருந்தில் ஏற முடியாத சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது. வழக்கமான தடப் பேருந்து சொரெண்டோவில் கிளம்புகிறது. புறப்படும் இடத்திலேயே இருக்கை நிரம்பிவிட்டால் இடையில் உள்ள நிறுத்தங்களில் ஓட்டுநர் நிறுத்துவதில்லை. பொசிடானோவின் இரண்டு நிறுத்தங்களிலும் வெயிலில் காத்திருப்பவர்கள், பேருந்து தங்களைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய பேருந்து விடலாமே என்றால் வளைவு இடம் கொடுக்காது. எண்ணிக்கையைக் கூட்டலாமே என்றால், கூட்டும் ஒவ்வொரு பேருந்தும் எதிரே வருவதோடு மோதும் இன்னொரு பேருந்து.

ஒற்றை, இரட்டை விதி

2022இல் வியேத்ரிக்கும் பொசிடானோவுக்கும் இடையே எண் பலகைக் கட்டுப்பாடு வந்தது. டெல்லியில் 2016இல் காற்று மாசுக்காகச் செய்து பார்த்ததைப் போலத்தான்: எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டலாம். காலை 10 முதல் மாலை 6 வரை தடை. ஆகஸ்ட் முழுவதும், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரையான வாரக் கடைசிகள், ஈஸ்டரை ஒட்டிய வாரம், ஏப்ரல் கடைசி விடுமுறை நாட்கள் என்று காலம் வகுத்தார்கள்.

விதியின் ஓட்டை அதன் விலக்குகளில் இருக்கிறது. 13 ஊர்களின் குடியிருப்பாளர்களுக்கு விலக்கு, அது நியாயம். டாக்சிக்கும் ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டிக்கும் விலக்கு. ஆக, பணம் உள்ளவர் கறுப்பு வேனில் வந்துவிடுவார். சிறிய காரை வாடகைக்கு எடுத்த குடும்பம்தான் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வாடகைக் காரின் எண் என்னவாக இருக்கும் என்பது சாவி கைக்கு வரும்வரை தெரியாது என்பது தனி வேடிக்கை.

அமால்ஃபியின் மேயர் நினைத்தால் சாலையை மூட முடியாதா? முடியாது. அது தேசிய நெடுஞ்சாலை. அனாஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. முன்பதிவு செய்தவர்களை மட்டும் விடும் முறை வேண்டும் என்று உள்ளூர் மேயர்கள் கேட்டு வருகிறார்கள். வெனிஸ் நகரம் 2024இல் ஒரு நாள் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதித்துப் பார்த்தது. அதற்கு ஒரே மாநகராட்சி, எண்ணக்கூடிய சில வாசல்கள் என்ற வசதி இருந்தது. அமால்ஃபியிலோ 13 ஊராட்சிகள், நடுவே ஓடும் சாலை ரோமின் கையில். ஓர் ஊர் கட்டுப்படுத்தினால் கூட்டம் அடுத்த ஊரில் இறங்கும்.

பளபளப்பு எங்கிருந்து வந்தது

10, 11ஆம் நூற்றாண்டுகளில் அமால்ஃபி வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் போட்டியாகக் கடல் வாணிகம் செய்த குடியரசு. 1130களில் பீசா நகரம் அதைச் சூறையாடியது. 1343இல் ஒரு கடல் கொந்தளிப்பு துறைமுகத்தின் ஒரு பகுதியையே விழுங்கியது. பிறகு பல நூறு ஆண்டுகள் ஏழ்மைதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பொசிடானோ மக்களில் பெரும்பங்கினர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இன்று அஞ்சலட்டையில் வரும் அந்த வீடுகளில் பல, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தவை.

மலிவாக இருந்ததால்தான் ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். 1953இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் அமெரிக்க ஃபேஷன் இதழ் ஒன்றில் பொசிடானோவைப் பற்றி எழுதினார். அதன் பிறகு திரை நட்சத்திரங்களும் செல்வந்தர்களும் வரத் தொடங்கினார்கள். ஏழ்மை காரணமாகப் புதுக் கட்டடம் எழாமல் போனதே ஊரின் அழகைக் காத்தது, அந்த அழகே பின்னால் விலையை ஏற்றியது.

கடற்கரைக்கு ஏன் காசு?

இத்தாலியில் கடலோர நிலம் அரசின் உடைமை. அதன் துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சாய்வு நாற்காலியும் குடையும் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். இந்தக் குத்தகைக்குத்தான் ‘கன்செஷன்’ என்று பெயர். பல இடங்களில் அது தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சேவைகள் நெறிமுறைப்படி இவற்றை ஏலம் விட வேண்டும். இத்தாலிய அரசுகள் மாறி மாறித் தள்ளிப் போட்டன. உச்ச நிர்வாக நீதிமன்றம் 2021இல் 2023 டிசம்பர் 31தான் கடைசி என்றது. அதன் பிறகும் அரசு 2027 செப்டம்பர் வரை நீட்டித்திருக்கிறது.

சட்டப்படி நீர் விளிம்புக்குப் போய்வர யாரையும் தடுக்கக் கூடாது. குளிக்கலாம், நடக்கலாம். ஆனால் துண்டை விரித்து உட்கார ‘ஸ்பியாஜா லிபெரா’ எனப்படும் இலவசப் பகுதிக்குத்தான் போக வேண்டும். பொசிடானோவின் பெரிய கடற்கரையில் அந்தப் பகுதி ஓரத்தில் ஒரு சிறு துண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பொன்மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். மதிய வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஓரளவு நீளமான கடற்கரை வேண்டும் என்றால் மயோரிதான்.

உணவகங்களில் ‘கொப்பெர்த்தோ’ என்று பில்லில் வருவது மேசைக் கட்டணம். ஏமாற்று அல்ல, நாட்டின் பெரும்பகுதியில் உள்ள வழக்கம். தங்குமிடங்களில் ஆள் ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு ஊராட்சி வரி தனி.

அங்கே வாழ்கிறவர்கள்

பொசிடானோவின் மக்கள் தொகை நாலாயிரத்துக்கு உட்பட்டதுதான். வீட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வாடகைக்கு விடுவதைவிட, கோடையில் சில வாரங்கள் பயணிகளுக்கு விட்டால் கூடுதல் வருமானம் என்னும்போது எதைச் செய்வார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. குறுகியகால வாடகை வீடுகளுக்குத் தேசிய அடையாள எண் 2025 ஜனவரி முதல் கட்டாயம். ஒன்றுக்கு மேல் வீடு விடுபவர்களுக்கு இரண்டாவது வீட்டின் வருமானத்துக்கு வரி 21 சதவீதத்துக்குப் பதில் 26 சதவீதம். கணக்கில் வராதவற்றைப் பிடிக்க இவை உதவும். வீடுகளைத் திரும்ப உள்ளூர்க்காரர்களுக்குக் கொண்டுவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. 5 சதவீத வித்தியாசத்துக்காக யாரும் ஆகஸ்ட் வாடகையை விட்டுத் தரமாட்டார்கள்.

விளைவு, உணவு பரிமாறுபவரும் அறை சுத்தம் செய்பவரும் மலைக்கு மேலேயோ மலைக்கு அப்பாலோ வீடு பிடித்து, காலையில் அதே சாலையில் வந்து, இரவில் அதே சாலையில் திரும்புகிறார்கள்.

சாலைக்கு மேலே இருக்கும் சுவர்

மிகைச் சுற்றுலா பற்றிய செய்திகள் பெரும்பாலும் தலைகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தக் கரையில் அதைவிடப் பெரிய கேள்வி சாலைக்கு மேலே இருக்கிறது. காரண காரியமாக வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. மலையின் உடல் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79லும் வேறு காலங்களிலும் கக்கிய நுரைக்கல்லும் சாம்பலும் போர்வையாகப் படிந்திருக்கின்றன. பொசிடானோவில் தேவாலயத்துக்கு அடியில் அந்தச் சாம்பலில் புதைந்த ரோமானிய மாளிகை ஒன்றை 2018 முதல் மக்கள் பார்க்கலாம்.

2. இந்தப் போர்வை செழிப்பானது. ஆனால் இலேசானது, நீரை உறிஞ்சி ஊறுவது. பெருமழையில் பாறையிலிருந்து வழுக்கிச் சேறாக இறங்கிவிடும்.

3. அதைப் பிடித்து வைத்திருப்பவை ‘மச்சேரே’ என்னும் கல் சுவர்கள். சுண்ணமோ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்து அடுக்கியவை. இடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடுவதால் சுவர் மண்ணைத் தாங்கும், நீரைத் தேக்காது.

4. இந்தச் சுவர்கள் ஆண்டுதோறும் எங்காவது சரியும். தோட்டக்காரர் குளிர்காலத்தில் கல்லைப் பொறுக்கி மீண்டும் அடுக்குவார். எலுமிச்சை விலைபோன காலம்வரை அது நடந்தது.

அந்த எலுமிச்சையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘ஸ்ஃபுசாத்தோ அமால்ஃபித்தானோ’ என்ற இந்த வகை இரு முனையும் கூம்பி, கைப்பிடியை நிறைக்கும் அளவில் இருக்கும். தோல் தடிப்பு, வாசனை தோலில்தான். செஸ்ட்நட் மரக் கம்புகளைக் கட்டிப் பந்தல் போட்டு, குளிர்காலத்தில் இலைதழையோ வலையோ மேலே போர்த்தி ஆலங்கட்டியிலிருந்து காப்பாற்றுவார்கள். டிராக்டர் ஏறாது. ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட கூடைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கிய பெண்களை ‘ஃபோர்மிக்கெல்லே’, அதாவது சிற்றெறும்புகள் என்று அழைத்தார்கள். இன்றும் பல தோட்டங்களில் கோவேறு கழுதையும் மனிதத் தோளும்தான்.

இப்படி விளையும் எலுமிச்சை, சமவெளியில் இயந்திரம் விட்டுப் பறிக்கும் எலுமிச்சையோடு விலையில் போட்டி போட முடியாது. தோட்டக்காரர் மகன் ஒரு கோடை முழுக்கக் கடற்கரையில் குடை நட்டாலே அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. தோட்டம் கைவிடப்படுகிறது, சரிந்த கல் சரிந்தபடியே கிடக்கிறது, அடுத்த மழையில் அதற்கு மேலுள்ள சுவரும் வருகிறது.

இது ஊகக் கணக்கு அல்ல. 1954 அக்டோபரில் ஓர் இரவுப் பெருமழையில் சலேர்னோ, வியேத்ரி, மயோரி, மினோரி, திரமோந்தி பகுதிகளில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2010 செப்டம்பரில் அத்ரானியின் தெருவுக்கு அடியில் மூடி வைத்திருந்த ஓடை வெளியே பாய்ந்து, கார்களைக் கடலுக்கு இழுத்துச் சென்றது. ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2021 பிப்ரவரியில் அமால்ஃபிக்கு அருகே பாறைச் சரிவில் எஸ்எஸ் 163இன் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து விழுந்தது. சுற்றுலாப் பருவம் இல்லாத காலம் என்பதால் உயிர்ச் சேதம் இல்லை. கரை வாரக்கணக்கில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மழையின் பங்கு பெரிது, சுவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பராமரிப்பில்லாத சரிவு மழையை மன்னிப்பதில்லை.

சுற்றுலாப் பணம் கடல் மட்டத்தில் புரள்கிறது; செலவு மலைச்சரிவில் விழுகிறது. இரண்டையும் இணைக்கும் நிதி ஏற்பாடு வலுவாக இல்லாதவரை, நுழைவுக் கட்டணம் என்ற பேச்செல்லாம் நெரிசலைத் தள்ளிப் போடும் வழிதான். பயணி தரும் இரவு வரியில் ஒரு பங்கு கல் அடுக்குகிறவர் கூலிக்குப் போனால், அந்த வரி எவ்வளவு உயர்ந்தாலும் நியாயம் என்பேன்.

இத்தனைக்கும் பிறகு போவதென்றால்

ஜூலை, ஆகஸ்டில், ஒரே நாளில், நேப்பிள்ஸிலிருந்து வேனில் போய்த் திரும்பும் சுற்றுலா பணத்துக்கு மிகக் குறைந்த பலன் தருவது. நாளின் பெரும்பகுதி சாலையில் போய்விடும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரம் இத்தாலியர்களே விடுமுறைக்குக் கிளம்பும் ‘ஃபெர்ராகோஸ்தோ’, அதைத் தவிர்க்கவும். ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் பரவாயில்லை. நவம்பர் முதல் பல விடுதிகளும் கடைகளும் மூடியிருக்கும்.

தங்க சலேர்னோ நல்ல தேர்வு. ரோமிலிருந்து அதிவேக ரயில் நேராக வருகிறது, அறை வாடகை குறைவு, படகுத்துறை நடக்கும் தூரம். படகில் அமால்ஃபி சுமார் 35 நிமிடம், பொசிடானோ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பொசிடானோவைப் பொறுத்தவரை, அதன் ஆகச் சிறந்த காட்சி கடலிலிருந்து தெரிவதுதான். உள்ளே போனால் படிகள், துணிக் கடைகள், மீண்டும் படிகள். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பெட்டி தூக்க ஆட்கள் கிடைப்பார்கள், ஆளைத் தூக்க முடியாது.

கார் வேண்டாம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அவசியம் என்பது ஒரு பக்கம். நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும் என்பது மறு பக்கம். பேருந்தில் போவதானால் தொடங்கும் நிறுத்தத்தில் ஏறுங்கள், சீட்டை முன்பே ‘தபாக்கி’ எனப்படும் புகையிலைக் கடையில் வாங்கிவிடுங்கள்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு மலைமேல் அஜெரோலாவின் பொமெரானோவிலிருந்து நொச்செல்லே வரை ‘தெய்வங்களின் பாதை’ இருக்கிறது. ஆறேழு கிலோமீட்டர், அந்தத் திசையில் நடந்தால் மெல்லிய இறக்கம். கைவிடப்பட்ட தோட்ட அடுக்குகளும் இன்னும் உழைக்கும் அடுக்குகளும் அங்கே அருகருகே தெரியும்.

ஒரு மதியம் சேத்தாராவுக்கு ஒதுக்கலாம். நெத்திலி பிடித்து, செஸ்ட்நட் மரப் பீப்பாயில் உப்போடு அடுக்கடுக்காக வைத்து, மேலே கல்லைப் பாரமேற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கும் ‘கொலத்தூரா’ அந்த ஊரின் சொத்து. 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப் பாதுகாப்பு முத்திரை பெற்றது. பாஸ்தாவில் பூண்டோடும் எண்ணெயோடும் அதைச் சில சொட்டு விட்டால் போதும். தனியாக உப்பு போடமாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் “கொலத்தூரா வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாது.